செல்லை ஒவ்வொன்றாகத் துளிக்குள் அடைக்கும் மைக்ரோஃப்ளூயிடிக் சிப்: அச்சு முதல் ஓட்டம் வரை

இந்த வழிகாட்டி ஒரே ஒரு சிப்பைப் பற்றியது. ஒரு வாயில் எண்ணெய், இன்னொரு வாயில் செல்கள் மிதக்கும் நீர்க்கரைசல். இரண்டும் 50 மைக்ரோமீட்டர் அகல இடுக்கில் சந்திக்கின்றன. எண்ணெய் இருபுறமும் நெருக்க, நீர் அறுந்து துளியாகிறது. நொடிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட துளிகள், ஒவ்வொன்றும் சுமார் 65 பிகோலிட்டர் (ஒரு பிகோலிட்டர் என்பது லிட்டரின் லட்சம் கோடியில் ஒரு பங்கு). ஒற்றைச் செல் ஆர்என்ஏ ஆய்வில் 2015-இல் வெளிவந்த டிராப்-சீக், இன்டிராப் ஆகிய இரண்டு முறைகளுமே இந்த அமைப்பின் மேல்தான் எழுந்தன. துளிக்குள் டிஎன்ஏவைப் பெருக்குவதற்கும், ஆன்டிபாடி சுரக்கும் செல்லைத் தேடிப் பிடிப்பதற்கும், நொதியின் வகைகளை ஆயிரக்கணக்கில் சோதிப்பதற்கும் இதையே செய்யத் தெரிந்திருந்தால் போதும். மற்றவை இதன் மேல் கட்டும் மாடிகள்.

பெங்களூரில் இதைச் செய்ய வசதி உண்டு. இந்திய அறிவியல் கழகத்தில் உள்ள சென்ஸ் என்ற நானோ அறிவியல், பொறியியல் மையத்தின் கிளீன்ரூமை (தூசி நீக்கிய ஆய்வறை), ஐஎன்யூபி என்ற இந்திய நானோ எலக்ட்ரானிக்ஸ் பயனர் திட்டத்தின் வழியாக வெளிக் கல்லூரி மாணவர்களும் பயன்படுத்தலாம். மதுரையிலோ சேலத்திலோ ஆய்வு செய்பவர் அச்சை (வாய்க்காலின் வடிவம் புடைத்து நிற்கும் சிலிக்கான் வேஃபர்) இங்கே செய்துகொண்டு, மீதி வேலையை ஊரிலேயே பார்க்கலாம். கிளீன்ரூம் தேவைப்படுவது அந்த ஒரு முறைதான். கவனமாக வைத்திருந்தால் ஒரே அச்சிலிருந்து பல டஜன் சிப்கள் வார்க்கலாம்.

முதலில் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இந்த அளவில் திரவத்தை ஆள்வது அதன் எடையோ வேகமோ அல்ல, அது தொடும் மேற்பரப்பு. நாம் ஓட்டப்போகும் வேகத்தில் ரெனால்ட்ஸ் எண் (திரவத்தின் உந்தத்தை அதன் பிசுக்குமையோடு ஒப்பிடும் எண்) 10-ஐத் தாண்டாது. குழாயில் சுழல் எழ அது 2000-ஐ ஒட்டிப் போக வேண்டும். ஆகவே இரண்டு நீரோடைகள் பக்கத்தில் பக்கமாக ஓடினால் கலக்காமல் அப்படியே ஓடும். ஆல்புமின் போன்ற புரதம் 50 மைக்ரோமீட்டர் தூரம் பரவ ஏறத்தாழ 20 நொடி ஆகும். ஆனால் சுவர் நீரை ஈர்க்கிறதா, எண்ணெயை ஈர்க்கிறதா என்ற ஒரே கேள்வி துளி உருவாகுமா இல்லையா என்பதைத் தீர்மானித்துவிடும். ‘டிசைன் சரியில்லை’ என்று தூக்கிப் போடும் சிப்களில் பெரும்பாலானவற்றில் டிசைன் சரியாகவே இருக்கும், மேற்பரப்புதான் கெட்டிருக்கும். கீழே வரும் படிகளில் சைலேன், பிளாஸ்மா, பூச்சு, சர்ஃபாக்டன்ட் என்று எது வந்தாலும் அது மேற்பரப்பைப் பற்றியதுதான்.

வடிவமும் ஃபிலிமும்

வாய்க்கால்களின் உயரம் எல்லா இடத்திலும் 50 மைக்ரோமீட்டர். எண்ணெய் வரும் இரு கைகளும் நீர் வரும் நடுக்கையும் 100 மைக்ரோமீட்டர் அகலம். இடுக்கு 50 மைக்ரோமீட்டர் அகலம், நீளமும் அதே அளவு. அதைத் தாண்டியதும் 200 மைக்ரோமீட்டருக்கு விரியும் வெளிவாய்க்கால். துளியின் விட்டம் ஏறத்தாழ இடுக்கின் அளவிலேயே அமையும்; எண்ணெயைக் கூட்டினால் சிறுக்கும், குறைத்தால் பெருக்கும். உள்வாய், வெளிவாய் வட்டங்களை 1.5 மி.மீ. விட்டத்தில் போடுங்கள். அதைவிடச் சிறிதாகப் போட்டால் துளை போடும்போது குறி தவறும்.

ஒவ்வொரு உள்வாய்க்கும் அடுத்தபடியாகச் சிறு தூண்களின் வரிசையை வடிகட்டியாக வையுங்கள். தூண்களுக்கு நடுவே 35 முதல் 40 மைக்ரோமீட்டர் இடைவெளி. செல்லின் விட்டம் 10 முதல் 15 மைக்ரோமீட்டர் என்பதால் அது எளிதாக நுழையும். நூலிழை, பிடிஎம்எஸ் (சிப்பை வார்க்கும் சிலிக்கோன் ரப்பர்) துணுக்கு, செல் கட்டி ஆகியவை அங்கேயே மாட்டிக்கொள்ளும். இந்தத் தூண்கள் இல்லாத சிப்பை வரையவே வேண்டாம். இன்னொன்று: அகலம் உயரத்தைப் போல் பத்து மடங்கைத் தாண்டும் இடங்களில் கூரை தொங்கித் தரையில் ஒட்டிக்கொள்ளும். 50 மைக்ரோமீட்டர் உயரத்துக்கு 500-க்கு மேல் அகலம் வேண்டுமென்றால் நடுவே தாங்குதூண் கட்டாயம்.

கேலேஅவுட் மென்பொருள் இலவசம்; ஆட்டோகேடும் சரியே. எல்லாக் கோடுகளும் மூடிய வடிவங்களாக இருக்க வேண்டும். திறந்த கோடு ஃபிலிமில் (ஒளியை வேண்டிய இடத்தில் மட்டும் விடும் மறைப்புத் தாள்) விழாது. நாம் பயன்படுத்தும் எஸ்யூ-8 என்ற ஒளியுணர் பிசின் நெகட்டிவ் ரெசிஸ்ட், அதாவது ஒளி பட்ட இடம்தான் நிற்கும். ஆகவே வாய்க்கால் தெளிவாகவும் சுற்றுப்புறம் கறுப்பாகவும் இருக்க வேண்டும். பிசிபி தொழிலுக்கு ஃபிலிம் போட்டுத் தரும் கடைகளில் 25,400 டிபிஐ ஃபோட்டோபிளாட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் 10 மைக்ரோமீட்டர் வரையிலான கோடு கிடைக்கும், நமக்கு அது தாராளம். கறுப்பு மை பூசிய பக்கம் ரெசிஸ்டைத் தொட வேண்டும் என்பதை ஆர்டரிலேயே எழுதுங்கள். மை மேல்பக்கம் போனால் ஃபிலிமின் தடிமன் அளவுக்கு ஒளி பக்கவாட்டில் கசிந்து, 50 மைக்ரோமீட்டர் இடுக்கு கண்ணெதிரே தடித்துவிடும். ஃபிலிமின் ஓரத்தில் ஓர் எழுத்தைப் போட்டுவைத்தால் எந்தப் பக்கம் எது என்ற குழப்பம் வராது.

அச்சு: எஸ்யூ-8

4 அங்குல சிலிக்கான் வேஃபரை அசிட்டோன், பிறகு ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) என்று கழுவி, நைட்ரஜனால் ஊதி, 200 டிகிரி ஹாட்பிளேட்டில் 10 நிமிடம் வையுங்கள். ஈரம் போகாத வேஃபரில் எஸ்யூ-8 பிடிக்காது. டெவலப்பரில் போட்டதும் மெல்லிய கோடுகள் தோலாக உரிந்து வரும். மழைக்காலத்தில் இந்தப் பத்து நிமிடத்தைச் சுருக்கவே கூடாது.

எஸ்யூ-8 2050-ஐ அங்குலத்துக்கு 1 மில்லிலிட்டர் கணக்கில், 4 மில்லிலிட்டர் வேஃபரின் நடுவில் ஊற்றுங்கள். பாட்டிலின் வாயை வேஃபருக்கு அருகில் கொண்டுபோய் மெதுவாகச் சாய்த்து, இழை அறுபடும்வரை காத்திருங்கள். பிப்பெட்டில் உறிஞ்சினால் குமிழி வரும். சுழலும்போது அந்தக் குமிழி வால் நட்சத்திரம் போலக் கோடு இழுக்கும். முதலில் நிமிடத்துக்கு 500 சுற்றில் 10 நொடி, பிறகு 3000 சுற்றில் 30 நொடி. கிடைக்கும் தடிமன் சுமார் 50 மைக்ரோமீட்டர். சுழற்றி முடித்ததும் விளிம்பில் தடித்த வளையம் நிற்கும். அதை அசிட்டோன் நனைத்த துடைப்பானால் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஃபிலிம் ரெசிஸ்டில் படியாமல் அந்த வளையத்தின் மேல் மேடையிட்டு நிற்கும்.

65 டிகிரியில் 3 நிமிடம், 95 டிகிரியில் 8 நிமிடம் சுடுங்கள். போதுமா என்று பார்க்க நல்ல வழி ஒன்று உண்டு. வேஃபரை எடுத்து ஆறவைத்து, மறுபடி 95 டிகிரியில் வையுங்கள். மேற்பரப்பு சுருங்கி அலை அலையாக மடிந்தால் கரைப்பான் இன்னும் உள்ளே இருக்கிறது. இன்னும் ஒரு நிமிடம் விட்டுத் திரும்பவும் பாருங்கள். சுருக்கம் வராத கட்டத்தில் நிறுத்துங்கள்.

ஒளியூட்டல்: 365 நானோமீட்டரில் சதுர செ.மீ.-க்கு 150 முதல் 215 மில்லிஜூல். விளக்கின் செறிவை மீட்டரில் அளந்து, 180 மில்லிஜூலை அதனால் வகுத்தால் நொடி கிடைக்கும். செறிவு 12 மில்லிவாட் என்றால் 15 நொடி. பழைய குறிப்பேட்டில் இருக்கும் நொடிக் கணக்கை நம்பவேண்டாம். விளக்கு மாதாமாதம் மங்குகிறது. 350 நானோமீட்டருக்குக் கீழான ஒளி மேல்தோலை மட்டும் கெட்டியாக்கி, சுவரின் தலை ‘டி’ வடிவில் துருத்திக்கொள்ளச் செய்யும். அதை வடிகட்டும் ஃபில்டர் கருவியில் இருக்கிறதா என்று பொறுப்பாளரிடம் கேளுங்கள்.

பிறகு 65 டிகிரியில் 2 நிமிடம், 95 டிகிரியில் 6 நிமிடம். 95-இல் ஒரு நிமிடத்துக்குள் வாய்க்காலின் உருவம் மங்கலாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் ஒளியோ சூடோ போதவில்லை. டெவலப்பரில் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். எடுத்த வேஃபரைக் குளிர்ந்த மேசையில் வைக்காமல் ஹாட்பிளேட்டோடு மெதுவாக ஆறவிடுங்கள். திடீரெனக் குளிர்ந்தால் மூலைகளில் விரிசல் விழும். சில ஹாட்பிளேட்கள் கரண்ட் போய் வந்தால் தாமாகத் திரும்பத் தொடங்கா. யூபிஎஸ்ஸில் இருக்கிறதா என்று வேலைக்கு முன்பே பாருங்கள்.

பிஜிஎம்இஏ டெவலப்பரில் ஆட்டியபடி 6 நிமிடம். அதன்மேல் ஐபிஏவைப் பீய்ச்சுங்கள். பால்போன்ற வெள்ளைப் படலம் தோன்றினால் ரெசிஸ்ட் இன்னும் மீதி இருக்கிறது. மறுபடி டெவலப்பரில் ஒரு நிமிடம். தெளிவானதும் உலர்த்தி, 150 டிகிரியில் 5 நிமிடம் சுட்டால் சிறு விரிசல்கள் மூடிக்கொள்ளும். புரொஃபைலோமீட்டரில் ஐந்து இடங்களில் உயரத்தை அளந்து பெட்டியின் மேலேயே எழுதிவையுங்கள். பிறகு துளியின் கொள்ளளவைக் கணக்கிடும் ஒவ்வொரு முறையும் அந்த எண் தேவைப்படும்.

அடுத்தது சைலேன். இது இல்லாவிட்டால் முதல் வார்ப்பிலேயே பிடிஎம்எஸ் சிலிக்கானோடு ஒட்டி அச்சையே பெயர்த்தெடுத்துவிடும். டிரைகுளோரோ பெர்ஃப்ளூரோஆக்டைல் சைலேன் 30 மைக்ரோலிட்டரைச் சிறு அலுமினியக் கிண்ணத்தில் விட்டு, வேஃபரோடு டெசிக்கேட்டரில் வைத்து, வேக்குவம் இழுத்து ஒரு மணி நேரம் மூடிவையுங்கள். எல்லாம் ஃபியூம் ஹுட்டுக்குள் நடக்க வேண்டும். காற்றின் ஈரம் பட்டாலே இது ஹைட்ரஜன் குளோரைடைக் கக்கும். நுரையீரலுக்கும் கண்ணுக்கும் கேடு. அந்த டெசிக்கேட்டரை வேறு எதற்கும் பயன்படுத்த வேண்டாம். முக்கியமாக, பிடிஎம்எஸ்ஸின் காற்றை எடுக்க அதையே எடுத்தால், ஒட்ட வேண்டிய பிடிஎம்எஸ்ஸின் மேலும் சைலேன் படிந்து, பிளாஸ்மா போட்டாலும் ஒட்டாது.

வார்ப்பு

சில்கார்டு 184: மூலப்பொருள் 10 பங்கு, கெட்டிப்படுத்தி 1 பங்கு, எடைக் கணக்கில். அலுமினியத் தாளை வேஃபரின் ஓரத்தோடு ஒட்டி மடித்துத் தட்டு செய்தால் 40 கிராமுக்கு 4 கிராம் கலந்தது 5 மி.மீ.-க்குச் சற்று மேல் தடிமன் தரும். அதற்குக் குறைந்தால் குழாயைப் பிடித்து நிறுத்தப் போதாது. குறைந்தது 4 நிமிடம் அடித்துக் கலக்குங்கள், பாத்திரத்தின் அடியையும் ஓரத்தையும் விடாமல் வழித்து. கலவை முழுக்க நுரைத்து வெளுத்தால் சரியாகக் கலந்திருக்கிறது. கலக்காத மூலையில் பிடிஎம்எஸ் பிசுபிசுவென்றே நிற்கும்.

லேட்டக்ஸ் கையுறை கூடவே கூடாது. ரப்பரில் உள்ள கந்தகம் பிளாட்டினம் வினையூக்கியை முடக்கிவிடும். தொட்ட இடமெல்லாம் கெட்டியாகாது. நைட்ரைல் போடுங்கள். பல 3டி பிரின்ட் ரெசின் அச்சுகளிலும் பிடிஎம்எஸ் கெட்டியாகாமல் பசையாக நிற்பதற்கு வேறு காரணம் உண்டு என்றாலும் விளைவு ஒன்றே.

டெசிக்கேட்டரில் காற்றை எடுக்கும்போது பொங்கும் பாலைப் போல நுரை எழும்பும். விளிம்பைத் தொடும் நேரத்தில் வால்வைத் திறந்து அமுக்குங்கள். நாலைந்து முறை இப்படிச் செய்து, பிறகு அரைமணி விடுங்கள். பெங்களூருக்கு மட்டும் ஒரு குறிப்பு: இந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இங்கே காற்றழுத்தமே சுமார் 680 மி.மீ. பாதரசம்தான். ஆகவே வேக்குவம் டயல் 760-ஐ எட்டவே எட்டாது, 680-ஐ ஒட்டி நின்றுவிடும். சென்னையில் பழகியவர்கள் பம்ப் கெட்டுவிட்டதென்று ஆயில் மாற்றி, ஓ-ரிங் மாற்றிப் பார்க்கிறார்கள். பம்ப் நன்றாகவே இருக்கிறது. குமிழி தீர்ந்ததா என்று கண்ணால் பாருங்கள், டயலை அல்ல.

அச்சின் மேல் ஊற்றி, மறுபடி 10 நிமிடம் வேக்குவம். மிஞ்சிய குமிழிகளை நைட்ரஜனை மெல்ல ஊதி உடையுங்கள். அடுப்பில் 70 டிகிரி, 2 மணி நேரம். அடுப்புத் தட்டு மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள்; சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் 7 மி.மீ., மறுபக்கம் 3 மி.மீ. என்று வரும்.

வெட்டும்போது கத்தியை சிலிக்கானின் மேல் அழுத்தவேண்டாம். ஒரு கீறல் விழுந்தால் வேஃபர் படிகத் திசையில் நேராகப் பிளந்துவிடும். மாதக்கணக்கான அச்சு அதோடு போயிற்று. துளைக்கு 0.75 மி.மீ. பயாப்ஸி பஞ்ச். வாய்க்கால் பக்கத்தை மேலே வைத்து, வட்டத்தின் நடுவில் செங்குத்தாக இறக்கி, மறுபக்கம் வெளிவந்த பிறகு உள்ளே உள்ள பிடிஎம்எஸ் தண்டைத் தள்ளி வெளியே எடுங்கள். தண்டு வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே பஞ்சை உருவுங்கள். 0.75 மி.மீ. துளைக்குள் 1.09 மி.மீ. வெளிவிட்டமுள்ள பாலிஎத்திலீன் குழாய் இறுக்கமாகப் போய் உட்காரும், பசை எதுவும் வேண்டாம். மழுங்கிய பஞ்ச் துளையின் ஓரத்தைக் கிழிக்கும். கசிவு அங்கிருந்துதான் தொடங்கும்.

ஒட்டுதல்

கண்ணாடிச் சில்லைச் சோப்பு, காய்ச்சி வடித்த நீர், ஐபிஏ என்று கழுவி உலர்த்துங்கள். குழாய்த் தண்ணீர் போதாது. பெங்களூரில் பல வளாகங்களில் வருவது போர்வெல் தண்ணீர்; உலர்ந்ததும் உப்பு வெள்ளையாகப் படிந்து, அந்த இடத்தில் மட்டும் பிணைப்பு விழாது. பிடிஎம்எஸ்ஸின் முகத்தை ஸ்காட்ச் டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்துத் தூசி நீக்குங்கள். 20 மைக்ரோமீட்டர் தூசி ஒன்று சுற்றிலும் ஒரு மி.மீ. வளையத்துக்கு ஒட்டாமல் தூக்கிப் பிடித்திருக்கும்.

இரண்டையும், ஒட்டும் முகங்கள் மேலே பார்த்திருக்க, பிளாஸ்மா கிளீனரில் வைத்து 45 நொடி. காற்றாக இருந்தால் ஒளி இளஞ்சிவப்பு கலந்த ஊதாவாகத் தெரியும். ஒளி மங்கலாக இருந்தால் கருவியின் அறைக்குள் காற்று அதிகம். பம்ப் இன்னும் இழுக்கட்டும். பிளாஸ்மா பிடிஎம்எஸ்ஸின் மெத்தில் தொகுதிகளை நீக்கி சிலனால் தொகுதிகளை உண்டாக்குகிறது. கண்ணாடியின் சிலனாலோடு அவை சேர்ந்து சிலிக்கான்–ஆக்சிஜன்–சிலிக்கான் பிணைப்பாகிறது. ஆகவே நேரம் கூடக்கூட நல்லது என்று எண்ணவேண்டாம். சில நிமிடங்கள் போட்டால் மேல்தோல் கண்ணாடிபோல் உடைந்து, பிணைப்பு பலவீனமாகும்.

எடுத்த ஒரு நிமிடத்துக்குள் ஒட்டுங்கள். மெதுவாக வைத்தாலே ஒட்டும் எல்லை தானாகப் பரவுவது கண்ணுக்குத் தெரியும். வாய்க்காலின் மேல் விரலால் அழுத்தினால் கூரை தரையில் ஒட்டிவிடும், பிறகு பிரியாது. 80 டிகிரியில் அரைமணி. மீந்த துண்டு ஒன்றை அதே நேரத்தில் ஒட்டிவைத்து இழுத்துப் பாருங்கள்: பிடிஎம்எஸ் கிழிய வேண்டும், கண்ணாடியிலிருந்து பெயரக்கூடாது.

சுவரை எண்ணெயின் பக்கம் திருப்புதல்

பலர் தவறவிடும் படி இதுதான். பிளாஸ்மா போட்ட வாய்க்கால் நீரை விரும்புகிறது. அதில் நீரையும் எண்ணெயையும் விட்டால் நீர் சுவரில் படர்ந்து, துண்டாவது எண்ணெயாக இருக்கும். நமக்கு வேண்டியது நேர்மாறானது. நாட்கணக்கில் விட்டால் பிடிஎம்எஸ் தானே நீர்வெறுப்புக்குத் திரும்பும், ஆனால் கண்ணாடித் தரை திரும்பாது.

எச்எஃப்இ-7500 என்ற ஃப்ளூரின் எண்ணெயில் அதே சைலேனை 1% கலந்து, பிணைத்த அன்றே வாய்க்கால் நிரம்ப விடுங்கள். 5 நிமிடம் கழித்து, தூய எச்எஃப்இ-7500-ஐ ஒரு மில்லிலிட்டர் ஓட்டி, காற்றால் ஊதி, 70 டிகிரியில் அரைமணி. சைலேன் கரைசலை அப்போதைக்கப்போது கலந்து, 0.2 மைக்ரோமீட்டர் பிடிஎஃப்இ ஃபில்டரில் வடிகட்டுங்கள். பழைய கரைசலில் வெள்ளைத் திரிதிரியாகப் பாலிமர் மிதக்கும். அது வடிகட்டித் தூண்களை அடைத்துவிடும். துளைகளின் மேல் டேப் ஒட்டிவைத்தால் சிப் மாதக்கணக்கில் தாங்கும்.

செல்களைத் தயார்செய்தல்

துளியில் எத்தனை செல் விழும் என்பது பாய்சான் கணக்கு, அதாவது தற்செயலாக விழுபவற்றின் பரவலைச் சொல்லும் கணக்கு. சராசரி 0.1 என்று வைத்தால் 90.5% துளிகள் வெறுமை, 9% துளிகளில் ஒரே செல், அரை விழுக்காட்டுக்கும் குறைவான துளிகளில் இரண்டும் அதற்கு மேலும். சராசரியை 0.3 ஆக்கினால் ஒரு செல் துளிகள் 22% ஆகும், ஆனால் இரட்டை 3.7%-க்கு ஏறும். அதாவது செல் இருக்கும் துளிகளில் ஏழில் ஒன்று கலப்படம். ஒற்றைச் செல் ஆய்வுக்கு அது ஒப்புக்கொள்ள முடியாத விகிதம். 65 பிகோலிட்டர் துளிக்கு 0.1 வேண்டுமென்றால் மில்லிலிட்டருக்கு 15 லட்சம் செல்கள். உங்கள் துளி 60 மைக்ரோமீட்டராக வந்தால் கொள்ளளவு 113 பிகோலிட்டர்; செல் எண்ணிக்கை 9 லட்சமாக இறங்க வேண்டும். முதலில் செல் இல்லாமல் ஓட்டித் துளியை அளந்துவிட்டு, அதன்பின் செல்லைக் கலப்பதே முறை.

கால்சியம், மக்னீசியம் இல்லாத பிபிஎஸ் உப்புக்கரைசலில் 0.1% பிஎஸ்ஏ புரதம் சேர்த்து இரண்டு முறை கழுவி, 40 மைக்ரோமீட்டர் ஸ்டிரெய்னரில் வடிகட்டி, டிரைபான் புளூ போட்டு ஹீமோசைட்டோமீட்டரில் எண்ணுங்கள். உயிருள்ளவை 90%-க்குக் கீழ் இருந்தால் அன்று ஓட்டாமல் இருப்பது நல்லது. இறந்த செல்கள் டிஎன்ஏவைக் கசியவிடும். அந்த டிஎன்ஏ பசையாகி மற்ற செல்களைக் கட்டியாகச் சேர்க்கும். உடைந்த செல்லின் ஆர்என்ஏ எல்லாத் துளிகளிலும் கலந்து முடிவைக் கெடுக்கும்.

செல் நீரைவிடக் கனம். சிரிஞ்சில் படுக்கைவாட்டில் அரைமணி இருந்தாலே அடியில் இறங்கிவிடும். தொடக்கத்தில் எடுத்த துளிகளில் செல் நிறைந்திருக்கும், கடைசியில் ஒன்றுமே இருக்காது. ஆப்டிபிரெப் கரைசலை 16% அளவில் கலந்தால் அடர்த்தி சமமாகி செல் மிதந்தபடி நிற்கும். மனித இரத்தத்திலிருந்து எடுத்த செல் என்றால் உயிர்ப்பாதுகாப்புப் பெட்டகத்துக்குள் (பயோசேஃப்டி கேபினட்) மட்டுமே வேலை, கழிவுக்கு 1% ஹைப்போகுளோரைட்.

ஓட்டம்

எண்ணெய்: எச்எஃப்இ-7500-இல் 2% ஃப்ளூரோசர்ஃபாக்டன்ட் (துளிகள் ஒன்றோடொன்று இணையாமல் காக்கும் பொருள்). பிஎஃப்பிஇ–பிஇஜி வகை செல்லுக்கும் நொதிக்கும் தீங்கு செய்யாது. நீருக்கு 1 மில்லி சிரிஞ்ச், எண்ணெய்க்கு 5 மில்லி. நீருக்குப் பெரிய சிரிஞ்ச் போட்டால் மோட்டாரின் ஒவ்வோர் அடியும் ஒரு துடிப்பாக வந்து, துளி பெரிதும் சிறிதுமாக மாறி மாறி விழும். சிரிஞ்ச் பம்ப் வாங்க முடியாதவர்கள் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஸ்டெப்பர் மோட்டார், டிரைவர், லீட்ஸ்க்ரூ வாங்கித் தாமே கட்டுகிறார்கள். கட்டலாம், ஆனால் மைக்ரோஸ்டெப்பிங் உள்ள டிரைவரும் ஆட்டமில்லாத நட்டும் போடுங்கள்.

குழாயின் உள்விட்டம் 0.38 மி.மீ. என்றால் ஒரு செ.மீ.-க்கு 1.13 மைக்ரோலிட்டர் பிடிக்கும். 30 செ.மீ. குழாயை நிரப்பவே 34 மைக்ரோலிட்டர், அதாவது நம் வேகத்தில் 7 நிமிடம். குழாயைச் சிப்பில் செருகுமுன், நுனியில் திரவம் துளிர்க்கும்வரை தள்ளிவிட்டால் அந்த 7 நிமிடக் காற்றும் சிப்புக்குள் போகாது.

எப்போதும் எண்ணெய் முதலில். மணிக்கு 900 மைக்ரோலிட்டர் வைத்து, வாய்க்கால் முழுவதும் நிரம்பி, கடைசிக் குமிழி வெளியேறட்டும். அதன்பின் நீர், மணிக்கு 300. நீர் முதலில் போய்ச் சுவரைத் தொட்டுவிட்டால் பிஎஸ்ஏவும் செல்புரதமும் அங்கே படிந்து, நாம் போட்ட பூச்சின் மேல் நீர்விருப்பத் திட்டு உண்டாகிவிடும். முதல் 5 நிமிடம் வருவது ஒழுங்கில்லாத துளிகள். அவற்றைக் கழிவுக்கு விடுங்கள். ஓட்டத்தை மாற்றினால் மறுபடி 5 நிமிடம் பொறுங்கள். ரப்பர் பிஸ்டனும் மென்குழாயும் அழுத்தத்துக்குப் பழகும்வரை வேகம் உண்மையான வேகம் அல்ல. பொறுமையின்றிப் பம்பின் வேகத்தைத் திருகிக்கொண்டே இருப்பவருக்கு ஒருபோதும் சீரான துளி கிடைக்காது.

சீரானதும் நொடிக்குச் சுமார் 1,270 துளிகள். சாதாரண கேமராவில் இது கலங்கலான கோடாகத்தான் தெரியும். ஆகவே சிறிது எடுத்துக் கண்ணாடியில் ஒற்றை அடுக்காகப் பரப்பிப் படமெடுத்து, 300 துளிகளின் விட்டத்தை அளந்து, மாறுபாட்டுக் கெழு (சராசரியில் எத்தனை விழுக்காடு சிதறல்) 5%-க்குள் இருக்கிறதா என்று பாருங்கள். அதே படத்தில் செல் உள்ள துளிகளையும் எண்ணி, பாய்சான் கணக்கோடு ஒப்பிடுங்கள். இரட்டைகள் கணக்கைவிட அதிகமாக இருந்தால் செல்கள் கட்டியாக இருக்கின்றன. மேலும் நீர்த்தால் தீராது, கழுவலிலும் வடிகட்டலிலும்தான் தீரும்.

எச்எஃப்இ-7500-இன் அடர்த்தி 1.61. எனவே குழாயில் துளிகள் மேலே வெண்மையாக மிதக்கும், எண்ணெய் அடியில் தங்கும். மினரல் ஆயிலில் பழகியவர்கள் அடியிலிருந்து எடுத்து, வெறும் எண்ணெயைச் சோதித்துக் குழம்புவதுண்டு.

என்ன கெடும், ஏன்

துளி வராமல் நீர் நீண்ட இழையாக ஓடுகிறது என்றால் வேகம் அதிகம், இரண்டையும் பாதியாக்குங்கள். குறைத்தும் சுவரை நக்கியபடியே ஓடினால் பூச்சு போய்விட்டது. புதுச் சிப் எடுங்கள், பழையதைக் காப்பாற்ற முயல்வது நேரவிரயம். துளிகள் இரண்டு அளவில் மாறி மாறி வந்தால் பம்பின் துடிப்பு. இரண்டில் ஓர் எண்ணெய்க் கை அடைத்திருந்தால் இழை ஒருபக்கமாகச் சாயும், உருப்பெருக்கியில் உடனே தெரியும். வேகம் மெல்ல மெல்லக் குறைகிறது என்றால் வடிகட்டித் தூண்களில் கட்டி சேர்கிறது.

சேகரித்த பிறகு துளிகள் ஒன்றாகி மேலே தெளிந்த நீர் நின்றால் முதலில் சர்ஃபாக்டன்டைச் சந்தேகியுங்கள், அடுத்தபடியாக நிலைமின்னேற்றத்தை. பெங்களூரில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் காற்று நன்றாக உலர்ந்துவிடும். கையுறையில் பிளாஸ்டிக் குழாயை உரசினாலே மின்னேற்றம் வந்து அருகருகே உள்ள துளிகள் இணைந்துவிடும். குழாயைத் துணியால் துடைக்காதீர்கள், உலோகத் தாங்கியில் வையுங்கள், அகன்ற நுனி பிப்பெட்டால் மெதுவாக எடுங்கள்.

நீண்ட நேரம் வளர்க்கும் சோதனையில் துளிகள் சுருங்குவதைக் காண்பீர்கள். பிடிஎம்எஸ் வழியாக நீராவி வெளியேறுகிறது. அதே காரணத்தால்தான் ஆக்சிஜன் செல்லை அடைகிறது. சிப்பை ஈரமான பெட்டிக்குள் வையுங்கள். இன்னொரு குணமும் உண்டு: நீரை வெறுக்கும் சிறு மூலக்கூறுகளைப் பிடிஎம்எஸ் உறிஞ்சிக்கொள்ளும். மருந்தின் அளவுக்கேற்ற விளைவை அளக்கும் சோதனையில் நீங்கள் ஊற்றிய அளவு செல்லுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதே கேள்வியாகிவிடும். அத்தகைய மூலக்கூறுகளுக்குக் கண்ணாடிச் சிப்பையோ சிஓசி பிளாஸ்டிக் சிப்பையோ தேடுங்கள்.

துளியை உடைத்து உள்ளிருப்பதை எடுக்க, அடியில் உள்ள எண்ணெயை அகற்றி, எச்எஃப்இ-யில் 20% கரைத்த பெர்ஃப்ளூரோஆக்டனாலைத் துளிகளின் அளவுக்குச் சமமாகச் சேர்த்து, மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்து எடுத்து, 300 ஜி-யில் ஒரு நிமிடம் சுழற்றுங்கள். மேலே நிற்கும் நீரை மட்டும், இடைமுகத்தைத் தொடாமல் எடுங்கள். அங்கே நிற்கும் வெள்ளைப் படலத்தில் சர்ஃபாக்டன்ட் இருக்கிறது, அது பிசிஆரைத் தடுக்கும்.

எண்ணெய் வாங்கும்போது ஒரு செய்தி. 3எம் நிறுவனம் பிஃபாஸ் (எளிதில் சிதையாத ஃப்ளூரின் சேர்மங்கள்) வகைப் பொருள்களின் உற்பத்தியை 2025 இறுதிக்குள் நிறுத்துவதாக 2022 டிசம்பரில் அறிவித்தது. நோவெக் 7500 என்ற பெயரில் வந்தது அந்தப் பட்டியலில் அடங்கும். வேறு தயாரிப்பாளரிடம் வாங்கும் எண்ணெயைப் பழைய எண்ணெய் தீர்வதற்கு முன்பே சோதியுங்கள்: ஒரே அச்சின் இரண்டு சிப்களில், ஒரே சர்ஃபாக்டன்ட் அளவில், ஒரே வேகத்தில் ஓட்டித் துளியின் விட்டத்தை அளந்து, சேகரித்ததை 37 டிகிரியில் ஓரிரவு வைத்துக் காலையில் மறுபடி அளங்கள். விட்டம் 5%-க்கு மேல் மாறினால் செல் எண்ணிக்கையை அந்தப் புதிய துளிக்கேற்பத் திரும்பக் கணக்கிட வேண்டும்.